மணலில் தோண்டிய பதினான்கு குழிகள்

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர். 1914-இல் பாம்பன் பாலமும் அக்கரையில் மன்னார் ரயில் பாதையும் வந்த பிறகு, சென்னை எழும்பூரிலேயே கொழும்புக்கு டிக்கெட் எடுக்க முடிந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், தலைமன்னார் இறங்குதுறையில் மறுபடியும் ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984-இல் யுத்தத்தோடு நின்றது. ஆகவே ராமநாதபுரத்துக்காரியான நான், எங்கள் கடலின் மறுகரையைப் பார்க்க, வடக்கே சென்னைக்குப் போய், விமானத்தில் கொழும்பில் இறங்கி, அநுராதபுரம், மதவாச்சி என்று பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

போனது விளையாட்டுகளைத் தேடி. தாயம், பல்லாங்குழி, புலியாட்டம். எங்கள் பக்கத்தில் இவை எப்படி ஆடப்பட்டன என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்துவைப்பது எனக்கு நெடுநாள் வேலை. எங்கள் அப்பத்தா ஆடிய தாயத்துக்கும் இரண்டு தெரு தள்ளி ஆடிய தாயத்துக்கும் விதி வேறு. அப்படியென்றால் முப்பது கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் என்ன விதி? ஒரே மீன், ஒரே காற்று, ஒரே பனை, ஒரே மொழி. நாற்பது ஆண்டுகளாக மட்டும் போக்குவரத்து இல்லாத இரண்டு கரைகள். இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆட்டங்களுக்கு வேண்டிய பொருளெல்லாம் மன்னாரில் கரையிலும் காணியிலுமே கிடைக்கும். சோழி, சிப்பி, புளியங்கொட்டை, குன்றிமணி, பனையோலை. நம் ஊர் நகரங்களில் இப்போது கைவேலைப்பாட்டோடு மீண்டு வரும் ஆட்டப் பலகைகளைப் பார்த்துவிட்டு, அந்த வேலைக்கான மூலப்பொருள் குவிந்துகிடக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

முருங்கன், உயிலங்குளம், தள்ளாடி தாண்டினால் நிலம் முடிந்து கடலுக்குக் குறுக்கே பாதை நீள்கிறது. இரு பக்கமும் முழங்காலளவுத் தண்ணீர். வங்காலைப் பக்கத்துச் சதுப்பு 2010-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பருவத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து நிற்கும் இடம். பாலம் தாண்டியதும் மன்னார்த் தீவின் கோட்டை. போர்த்துக்கேயர் 1560-இல் கட்டியது, 1658-இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கோட்டைச் சுவரின் நிழலில் கழுதைகள் நின்றன. மன்னார் நகரத்துத் தெருக்களில் கழுதைகளுக்கு நம் ஊர் மாடுகளின் உரிமை உண்டு. ஓட்டோக்காரர்கள் ஹாரன்கூட அடிப்பதில்லை, ஒதுங்கிப் போகிறார்கள்.

நகரத்திலிருந்து பள்ளிமுனைக்குக் கொஞ்ச தூரம்தான். அங்கே நிற்கும் பெருக்க மரத்தைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. சுற்றளவு ஏறத்தாழ இருபது மீட்டர், உயரமோ அதில் பாதிகூட இல்லை. கிளையைவிட அடிமரம் பெரியது. ஆப்பிரிக்காவின் மரம் இது. ஒட்டகங்களுக்குத் தீனியாகட்டும் என்று அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது ஊரில் வழங்கும் செய்தி. நான் அதன் கீழ் நின்று நினைத்தது பல்லாங்குழியை. வரிசையாகக் குழி, குழிக்குள் காய், காயை அள்ளி ஒவ்வொன்றாக விதைத்துக்கொண்டு போவது என்ற இந்த ஆட்ட வகை ஆப்பிரிக்கா முழுவதும் இருக்கிறது. மாலத்தீவில் ஓவளு, மலாய் நாட்டில் சொங்கா, ஜாவாவில் டாக்கோன். இந்தியப் பெருங்கடலைச் சுற்றி மரக்கலம் போன கரையெல்லாம் குழி இருக்கிறது. எங்கிருந்து எங்கே போனது என்று இன்றும் அறிஞர்கள் முடிவு கட்டவில்லை. மரம் நின்று சாட்சி சொல்கிறது. மணலில் தோண்டிய குழி அடுத்த அலையோடு போய்விடுகிறது.

பெருநிலப் பக்கம் திருக்கேதீச்சரத்தை ஒட்டிய மாந்தையில் இந்தக் கடல்வழியின் சான்றுகள் மண்ணுக்குள் கிடக்கின்றன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டத் துறை. 1980 முதல் 1984 வரை ஜான் கார்ஸ்வெல் தலைமையில் அகழாய்வு நடந்து, யுத்தத்தால் நின்றது. 2009-10-இல் மறுபடி தோண்டியபோது கரிந்த மிளகுகளோடு ஒரே ஒரு கிராம்பும் கிடைத்தது. அதன் காலம் கி.பி. 900-க்கும் 1100-க்கும் இடையில். அந்தக் காலத்தில் கிராம்பு மொலுக்காஸ் தீவுகளில் மட்டுமே விளைந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு கிராம்பு மாந்தை வரை வந்திருக்கிறது என்றால், அந்தக் கப்பல்களில் காற்றுக்காகக் காத்துக் கிடந்த மனிதர்கள் கையைச் சும்மா வைத்திருந்திருப்பார்களா? சோழி வேறு அந்தக் கப்பல்களில் சரக்காகவே போனது. மாலத்தீவில் சோழிதான் காசு என்று எழுதிய இபின் பதூதா, அதே சோழியை ஆப்பிரிக்காவின் மாலி தேசத்திலும் பார்த்ததாகச் சொல்கிறார். அவர் மாலத்தீவிலிருந்து 1344-இல் இலங்கைக்கு வந்து கரையேறியது மன்னாருக்குத் தெற்கே புத்தளம் பக்கத்தில். எண்ணவும் வாங்கவும் பயன்பட்ட பொருளையே உருட்டி ஆடவும் எடுத்துக்கொண்டார்கள்.

தீவின் நடுவே போகும் தலைமன்னார்ச் சாலையில் பேசாலை வருகிறது. மன்னாரின் பெரிய மீனவ ஊர்களில் ஒன்று, பெரும்பாலும் கத்தோலிக்கர். நான் போனது சோளகம் வீசும் காலம். தெற்குக் கடல் கொந்தளித்துக் கிடந்தது. வடகரையில் மட்டும் சில வள்ளங்கள் போய் வந்தன. ஒரு வாடியின் ஓலைக் கூரைக்கு அடியில் நாலைந்து ஆண்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சீட்டாட்டம் என்றுதான் நினைத்தேன். முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் இங்கே எல்லோருக்கும் தெரியும். கிட்டே போனால் ஈர மணலில் விரலால் கீறிய முக்கோணமும் அதற்குக் குறுக்கே கோடுகளும். உச்சியில் மூன்று சோடா மூடி. கீழே வெள்ளைச் சிப்பிகள்.

அது நம் ஆடுபுலி ஆட்டமேதான். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று சந்தி. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லா ஆடும் இறங்கிய பிறகுதான் நகர்த்தலாம். புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது, சூழ்ந்து நின்று புலியை முடக்கும். ஆளுக்கு ஒரே மாதிரிப் படையை வைத்துக்கொண்டு ஆடும் சதுரங்கம் போன்ற ஆட்டங்களைவிட எனக்கு இதுதான் மேலாகப் படுகிறது. வலுவில் சமமே இல்லாத இரண்டு தரப்பு. ஆனாலும் கவனமாக ஆடினால் வலுவில்லாத தரப்பு வெல்லும். நான் பார்த்த ஆட்டத்தில் ஆடு வைத்திருந்தவர் வயதானவர். பதினோராவது சிப்பியை இறக்கும்வரை ஒன்றுகூட வெட்டுக் கொடுக்கவில்லை. புலிக்காரர் இளைஞர், அவசரப்பட்டார். கடைசியில் ஒரு புலி மூலையில் சிக்கியது, மற்ற இரண்டும் நகர இடமில்லாமல் நின்றன. சுற்றி நின்றவர்கள் "கட்டிப் போட்டார்" என்று சிரித்தார்கள்.

நான் தமிழ்நாட்டில் விற்கும் பலகைகளைப் பற்றிச் சொன்னேன். கைபேசியில் படமும் காட்டினேன். பெரியவர் படத்தை ஆர்வமாகத்தான் பார்த்தார். பிறகு கேட்டார்: "வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா மண் இருக்கேக்க பலகை எதுக்கு?"

அந்தக் கேள்வி பயணம் முழுக்க என்னோடு வந்தது.

இலங்கையின் பலகை ஆட்டங்களை முதலில் விரிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஹென்றி பார்க்கர். நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். குளங்களை அளக்கப் போன கிராமங்களில் ஆட்டங்களையும் வரைந்துகொண்டார். 1909-இல் வந்த அவருடைய 'பண்டைய இலங்கை' பற்றிய நூலில் சிங்களக் கிராமங்களின் ஒலிந்த கெளிய, பஞ்ச கெளிய, சிறுத்தை ஆட்டம் எல்லாம் படத்தோடு இருக்கின்றன. ஒலிந்த என்பது குன்றிமணி. ஆட்டம் பதினான்கு குழிப் பலகையில் ஆடும் நம் பல்லாங்குழிக்கு உடன்பிறப்பு. பஞ்ச கெளியவில் சோழிகளைச் சிரட்டையில் போட்டுக் குலுக்கி வீசுவார்கள். இலங்கைக் காட்டில் வேங்கைப் புலி கிடையாது, சிறுத்தைதான் பெரிய விலங்கு. ஆகவே அங்கே மந்தையை வேட்டையாடுவதும் சிறுத்தை. மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியைத் தாண்டினால் வில்பத்துக் காடு, இன்றும் சிறுத்தைகள் உலவும் காடு. ஏப்ரல் புத்தாண்டுக்கு ஒலிந்தவும் பஞ்சவும் சிங்கள ஊர்களில் மறுபடி வெளியே வருகின்றன. வேலைப்பாடுள்ள பழைய ஒலிந்தப் பலகைகள் அருங்காட்சியகத்தில் பார்க்கக் கிடைக்கும். தமிழர் கரையின் ஆட்டங்களுக்கு ஒரு பார்க்கர் வாய்க்கவில்லை என்பது என் ஆதங்கம். தமிழ்நாட்டுக்குத் தேவநேயப் பாவாணர் எழுதினார், பிறகு இரா. பாலசுப்பிரமணியம் எழுதினார். மன்னார் மணலில் கீறி ஆடியதை மன்னார்க்காரர்கள் தாமே எழுதினால்தான் உண்டு.

எருக்கலம்பிட்டி வடகரையை ஒட்டிய முஸ்லிம் ஊர். தெருவுக்குத் தெரு வேலி, வேலிக்குள் பனை, வேப்பமரம். தெரிந்தவர் வழியாக ஒரு வீட்டுக்குப் போனேன். பிளேன்டீ வந்தது. வீட்டின் மூத்த பெண்மணிக்கு எண்பதுக்கு அருகில் வயது. பேத்திகள் அவரை உம்மும்மா என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். பல்லாங்குழி என்றதும் முகம் மாறிவிட்டது. பூவரசம் பலகையில் குடைந்த ஒன்று அவர் தாயிடம் இருந்ததாம். குமர்ப்பிள்ளையாகி வீட்டுக்குள் இருந்த நாட்களில் பகல் போனது அதோடுதானாம். இப்போது எங்கே என்று கேட்டேன்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். விடுதலைப் புலிகள் கொடுத்த கெடு சில நாள். எடுத்துப் போக அனுமதித்தது கையில் கொள்ளும் அளவு. மன்னார்த் தீவிலிருந்து பெரும்பாலோர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். வாடைக்காற்று தொடங்கும் காலம், மழை வேறு. அங்கே புத்தளம் வட்டாரத்து ஓலைக் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். பலருக்கு அது இருபது ஆண்டாயிற்று.

"பலகைய யாரு மகள் எடுத்தா? புள்ளைகளத்தான் எடுத்தோம்" என்றார் உம்மும்மா.

சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, முகாமில் குடிசை வாசலில் கையால் குழி பறித்து, கரையில் பொறுக்கிய சிறு சிப்பிகளைக் காயாக வைத்து மகள்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னார். ஊர் திரும்பிய பிறகு புதுப் பலகை செய்துகொள்ளவில்லை. வேண்டியிருக்கவில்லை. அன்றும் முற்றத்து மணலில்தான் ஆடினோம். பேத்தி ஏழும் ஏழுமாகக் குழி பறித்தாள். உம்மும்மா குந்தி உட்கார முடியாமல் ஒரு சிறு வாங்கில் இருந்தபடி குச்சியால் சுட்டிக்காட்டினார். காயை அள்ளும்போது எண்ணுவதில்லை. குழியைப் பார்த்ததுமே எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. "அதத் தொடாத, அது வெறுங்குழியில போய் விழும்" என்று எனக்கு இரண்டு முறை எச்சரிக்கை வந்தது.

பல்லாங்குழி ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பக்கத்து ஏழு குழிகளில் ஒன்றை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவீர்கள். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வீர்கள். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு; முறை எதிராளிக்குப் போகும். ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த சுற்றில், தோற்றவர் தம் காயைக் கொண்டு எத்தனை குழியை நிரப்ப முடியுமோ அத்தனைதான் அவருக்கு. மிச்சக் குழிகள் அடைபடும். தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழக'த்தில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியது எனக்கு மறக்காத கட்டுரை. சமமாகத் தொடங்கி, ஒருவரிடம் எல்லாம் சேர்ந்து மற்றவர் ஒன்றுமில்லாமல் போகிற இந்த ஆட்டத்தில் தனிச்சொத்து தோன்றிய கதையை அவர் பார்த்தார்.

மன்னார்க் கரையில் அந்தக் கருத்துக்கு இன்னொரு சாட்சி உண்டு. தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கடற்கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி. முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த ஊர்கள். அரிப்பில் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் கட்டிய மாளிகை செங்கல் இடிபாடாக நிற்கிறது. ஆண்டுதோறும் கொஞ்சம் கடலுக்குள் விழுகிறது. சலாபக் காலத்தில் நம் கீழக்கரைக் குளியாட்களும் அராபியக் குளியாட்களும் இங்கே வந்து குவிவார்கள். கரை சேர்ந்த சிப்பியைக் குளியாட்கள் மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அதில் இரண்டை அரசு எடுத்துக்கொள்ளும், ஒன்று அவர்களுக்கு. எந்த இரண்டு என்பதை அரசு அதிகாரி தேர்ந்தெடுப்பார். ஆகவே மூன்றையும் சமமாகப் பிரிக்காமல் வழியில்லை. 1906 சலாபத்தில் இந்த வேலை பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். பின்னாளில் அந்த அனுபவத்திலிருந்து ஒரு சிறுகதை எழுதினார். சமமான குவியல்களில் தொடங்கி, கடைசியில் குவியல் யார் பக்கம் சேர்ந்தது என்று பார்த்தால், பரமசிவன் சொன்னது இங்கே வெயிலில் நடந்திருக்கிறது.

மன்னார் நகரத்தில் பனையோலைக் கைப்பணி செய்யும் பெண்களைத் தேடிப் போனேன். பனை அபிவிருத்திச் சபை 1978-இல் தொடங்கியதிலிருந்து வடக்கில் ஓலைப் பயிற்சி நிலையங்கள் பல வந்தன, யுத்தத்தில் மூடின, மறுபடி திறந்தன. கடகம், நீர்ப்பெட்டி, குட்டான், சுளகு என்று வீட்டுக்கு வேண்டியதைப் பின்னிய கைகள் இப்போது பெரும்பாலும் கைப்பை, தொப்பி, பென்சில் கூடு பின்னுகின்றன. சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் வாங்குகிறார்கள். யுத்தத்தில் குடும்பத்தின் ஆண்களை இழந்த பெண்கள் பலருக்கு இந்த ஓலைதான் அடுப்பு எரிப்பது.

அங்கே ஓர் அக்காவிடம், ஏழுக்கு ஏழு தாயக்கட்டத்தை ஓலையிலேயே பின்ன முடியுமா என்று கேட்டேன். "அது சதுரப் பின்னல்தானே, லேசு" என்றார். ஆனால் உடனே தொடங்கவில்லை. ஒரு தாளில் கட்டத்தை வரையச் சொன்னார், காயை வெட்ட முடியாத மலைக் கட்டங்கள் எவை என்று கேட்டார், காய் எவ்வளவு பருமன் என்று கேட்டார். பருமன் தெரிந்தால்தான் ஒரு கட்டத்துக்கு எத்தனை ஓலை என்று முடிவுசெய்யலாம்.

குருத்தோலை வெயிலில் வெளிறக் காய்ந்து சுருளாக இருந்தது. ஈர்க்கு முன்பே நீக்கியிருந்தது. சின்னக் கத்தியின் முனையால் ஓலையின் அடியில் அளவாக ஒரு கீறல், பிறகு விரலால் ஒரே இழுப்பு. நுனி வரை ஒரே அகலத்தில் கிழிந்து வந்தது. அளவுகோல் எதுவும் இல்லை. சிவப்பு ஓலை தனிக் கட்டாக இருந்தது. கொதிக்கும் சாயத்தண்ணீரில் போட்டு எடுத்து நிழலில் உலர்த்தியது. வெள்ளை ஓலையை நெடுக்கே பரப்பி, ஏழு வெள்ளைக்கு ஒரு சிவப்பு என்று வைத்தார். குறுக்கோலையும் அதே கணக்கு. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பின்னல் ஏறும்போது சிவப்பு ஓலை வெளியே தெரிந்தும் மறைந்தும் புள்ளிக்கோடாக ஓடியது. ஏழு கட்டத்துக்கு எட்டுக் கோடு நெடுக்கே, எட்டுக் கோடு குறுக்கே. பின்னல் தளர்ந்தால் கட்டம் சரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வரிசைக்கும் ஓலையை நகத்தால் நெருக்கித் தள்ளினார். பின்னி முடித்த பிறகு மலைக் கட்டங்களில் சிவப்பு ஓலையை மூலைக்கு மூலை குறுக்காகச் செருகினார். ஓரத்தை மடித்து நுனிகளை உள்ளே விட்டு அழுத்தினார். சுருட்டினால் கைக்குள் அடங்கும். விரித்தால் தரையில் படியும். ஈரம் பட்டாலும் உலர்ந்துவிடும்.

பெரியவரின் கேள்விக்கு இந்த ஓலைக் கட்டம் ஒரு பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. மணல் இருக்கும் இடத்தில் பலகை வேண்டாம்தான். ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகள் கொழும்பில், டொரண்டோவில், சென்னையில் மாடிவீடுகளில் இருக்கிறார்கள். அங்கே கீற மணல் கிடையாது.

உருட்டுவதற்கு நான் பித்தளைத் தாயக்கட்டை கொண்டுபோயிருந்தேன். அக்காவுக்கு அது புதிதல்ல, ஆனால் புளியங்கொட்டைதான் நல்லது என்றார். அவருடைய மகன் நான்கு கொட்டையை எடுத்து வாசல் சிமெண்டில் ஒரு பக்கமாகத் தேய்த்தான். பழுப்புத் தோல் போய் உள்ளே வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும், அதற்கு மேல் தேய்த்தால் கொட்டை மெலிந்து ஒரே பக்கம் விழும். தேய்க்கும் சூட்டோடு தங்கையின் கையில் ஒன்றை வைத்து அழவும் வைத்தான். ராமநாதபுரத்தில் என் அண்ணன் எனக்குச் செய்தது அதுவே. எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை எண்ணிக்கை. நான்கும் கறுப்பானால் எட்டு. ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். சோழியை இங்கே சோகி என்கிறார்கள். அதிலும் இதே கணக்குத்தான். ஒன்று விழாமல் நாங்கள் மூவரும் கொட்டையை உருட்டிக்கொண்டே இருந்தோம், அந்தச் சின்னப் பெண் முதலில் இறங்கினாள்.

இந்தியாவில் இந்த ஆட்டங்களை மீட்கும் வேலை எங்கே வந்து நிற்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-இல் தொடங்கிய கிரீடா நிறுவனம் பரமபதத்தையும் பல்லாங்குழியையும் தாயத்தையும் மறுபடி கடைகளுக்குக் கொண்டுவந்தது. இன்று முப்பது வயதில் இருக்கும் நகரத்துப் பெற்றோர் பலருக்கு இந்த ஆட்டங்கள் தெரிந்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் நாட்டின் பல மூலைகளிலுள்ள கைவினைஞர்களைக் கொண்டு பலகைகளும் துணிக் கட்டங்களும் காய்களும் செய்வித்துக் கண்காட்சி நடத்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டங்களை ஆராய்ந்து தாமே புதிதாகவும் வகுத்த மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் ஊரில் இது நடப்பது பொருத்தம். கீழடியில் யானைத் தந்தத்தில் செய்த பகடை கிடைத்த செய்தி வந்தபோது, உருட்டி ஆடுவது நம்மிடம் எவ்வளவு பழையது என்று எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள்.

இவை எல்லாமே நல்ல வேலைகள். கைவினைஞருக்குக் கூலி கிடைக்கிறது, பிள்ளைகளுக்கு ஆட்டம் கிடைக்கிறது. நம் மரத்தச்சர்கள் செய்யும் மீன் வடிவ மடக்குப் பல்லாங்குழியைப் போல அழகான பொருள் வீட்டில் வேறு எது? எனக்குள்ள கவலை ஒன்றுதான். கடையில் வாங்கும் பெட்டிக்குள் ஒரு விதித்தாள் இருக்கிறது. அச்சில் வந்ததே சரி, பாட்டி ஆடியது தவறு என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். உம்மும்மா வீட்டில் குழிக்கு ஆறு காய். என் அப்பத்தா குழிக்கு ஐந்து வைத்து ஆடினார். உம்மும்மா வெறுங்குழிக்கு அடுத்ததை எடுக்கும்போது எதிர்க்குழியையும் சேர்த்து எடுத்தார். எங்கள் வீட்டில் அது கள்ள ஆட்டம். ஓலை பின்னிய அக்கா, ஒரு காயையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போகக் கூடாது என்றார்; அவருடைய தாயார் வீட்டில் அப்படி இல்லையாம், கணவர் வீட்டில் வந்து கற்றுக்கொண்டதாம். ஒரு பெண் கலியாணமாகிப் போகும்போது ஆட்டத்தின் விதியும் இடம் மாறுகிறது. கப்பலில், தோணியில், அகதிப் படகில், முகாமில் வந்து சேர்ந்ததும் இந்த விதிகள்தான். பலகை செய்ய எத்தனையோ கைகள் இருக்கின்றன. விதியை மனத்தில் வைத்திருப்பவர்களோ எழுபது எண்பது வயதுக்காரர்கள்.

தலைமன்னார் இறங்குதுறை வரை போனேன். 2015-இல் ரயில் பாதை மறுபடி திறந்தது; பழைய கப்பல்துறை கடலுக்குள் துருப்பிடித்து நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு நம் பக்கத்து ஏழைகளைக் கொண்டுவந்து இறக்கியது இந்தக் கரையில்தான். இங்கிருந்து மலைநாட்டுக்குக் காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். பின்னர் 1983-க்குப் பிறகு எதிர்த்திசையில் படகேறி மண்டபம் முகாமுக்கு வந்தவர்களும் இதே கரையிலிருந்து புறப்பட்டார்கள். மண்டபம் முகாமில் நான் முன்பு கேட்டுக் குறித்த ஒரு தாய விதி, மன்னாரில் அக்கா வீட்டில் அப்படியே இருந்தது. அதைக் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவரத் தெரியவில்லை.

மன்னாரின் ஓலைக் கைப்பணி நிலையங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பையோடு தாயக்கட்டமும் புலிக்கட்டமும் பின்னச் சொல்லுங்கள். கரையில் ஒதுங்கிய வெறுஞ்சிப்பியைக் காயாக வையுங்கள். உயிருள்ள சோகிக்காகக் கடலில் யாரையும் இறக்க வேண்டாம். கூடவே வைக்கும் தாளில், தமிழிலும் சிங்களத்திலும், பின்னிய பெண்ணின் வீட்டில் ஆடும் விதியை, இன்ன ஊரில் இப்படி ஆடுகிறோம் என்று எழுதி வையுங்கள்.

வாசிக்கும் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்பத்தாவோ அம்மம்மாவோ உம்மும்மாவோ இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். குழிக்கு எத்தனை காய், எந்தப் பக்கமாகச் சுற்றுவது, வெறுங்குழி வந்தால் என்ன, பசு யாருக்கு, தோற்றவர் அடுத்த ஆட்டம் எப்படித் தொடங்குவார், எந்தக் கட்டம் மலை, எத்தனை விழுந்தால் இறங்கலாம் என்று கேளுங்கள். ஒரு முறை கூடவே ஆடிப் பாருங்கள். கேட்டால் சொல்லாததை ஆடும்போது சொல்லுவார்கள். ஊர்ப் பெயரும் அவர் யாரிடம் கற்றார் என்பதும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி, ஒரு பிரதியை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்தில் கொடுத்துவையுங்கள்.